ஒரே இயற்பியல், வேறு வகுப்பறை

இயற்பியலோ கணிதமோ வேதியியலோ படிக்கும் மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் ஓராண்டைப் பிரான்சில் கழிக்கப் போகிறார் என்றால், அங்கே போய் அப்படி என்ன புதிதாகப் படிக்கப் போகிறார் என்று கேட்பது நியாயமான கேள்விதான். மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் லியோனிலும் திருச்சியிலும் ஒன்றே. பாடப்பொருளும் ஏறக்குறைய ஒன்றே. நல்ல விரிவுரைகள் இணையம் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. பிரெஞ்சு இலக்கியமோ பிரெஞ்சுப் புரட்சியின் வரலாறோ படிக்கிறவரிடம் ஏன் பாரிசுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய பொருள் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் மாணவருக்கு அப்படியொரு காரணம் சட்டென்று கிடைப்பதில்லை. ஆகவே அவரும் அவரை அனுப்பும் கல்லூரியும் வழக்கமான இரண்டு பதில்களைச் சொல்கிறார்கள்: அங்கே ஆய்வகங்கள் நன்றாக இருக்கும், அந்தச் சான்றிதழ் மேற்படிப்புக்கு உதவும். இரண்டும் உண்மை, இரண்டும் போதாதவை. வந்து சில மாதங்களே ஆன இளநிலை மாணவர் கையில் விலையுயர்ந்த கருவியை யாரும் தந்துவிடப் போவதில்லை. சான்றிதழின் மதிப்போ வேலைச் சந்தையின் போக்கைப் பொறுத்து ஏறும், இறங்கும். பரிமாற்றத்தின் முதன்மையான பயன் வேறிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். அறிவியலின் முடிவுகள் உலகத்துக்கெல்லாம் பொது. அந்த முடிவுகளை நோக்கி இளம் மனத்தைப் பழக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஒரே கீர்த்தனைக்கு வெவ்வேறு பாடாந்தரங்கள் இருப்பது போல. தாம் கற்ற வழி பல வழிகளில் ஒன்றுதான் என்பது, இன்னொரு வழியில் உட்கார்ந்து பயின்றவருக்கே உறைக்கும். அந்த உணர்வைத் தராத பரிமாற்றம், அதற்காகச் செலவாகும் பணத்துக்கும் காலத்துக்கும் ஈடாகாது.

பிரான்சை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், அங்குள்ள பயிற்றுமுறை அவ்வளவு தனித்தன்மை கொண்டது என்பதே. 1794இல் புரட்சி அரசு, பின்னாளில் எக்கோல் பொலிதெக்னிக் என்று பெயர்பெற்ற பொறியாளர் பள்ளியையும், ஆசிரியர்களை உருவாக்க எக்கோல் நோர்மாலையும் ஒரே ஆண்டில் தொடங்கியது. போரில் சிக்கியிருந்த குடியரசுக்குப் பாலம் கட்டவும் பீரங்கி வார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பிறப்பைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. அந்தத் தேர்வுக்கு அளவுகோலாக வாய்த்தது கணிதம். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அந்த அளவுகோல் அகலவில்லை. பள்ளியிறுதிக்குப் பிறகு இரண்டாண்டுத் தயாரிப்பு வகுப்புகளில் சேரும் மாணவர்கள், வாரந்தோறும் மூன்று மூன்று பேராகக் கரும்பலகை முன் நின்று ஒரு மணி நேரம் வாய்மொழித் தேர்வுக்கு உட்படுகிறார்கள். அதன் பின், இத்தகைய சிறப்புப் பள்ளிகளில் நுழைவதற்கான நாடு தழுவிய போட்டித் தேர்வு. அதிலும் எழுத்துத் தேர்வுக்குப் பின் வாய்மொழித் தேர்வு. பரிமாற்ற மாணவர்களில் பலர் போய்ச் சேரும் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு கடுமையான வடிகட்டல் கிடையாது. ஆனாலும் பழக்கம் அங்கேயும் பரவியிருக்கிறது. பெரிய அரங்கில் விரிவுரை நடக்கும், அதன்பின் சிறு குழுக்களாகப் பிரிந்து கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் வகுப்பு, மூன்றாவதாகச் செய்முறை. நடுவில் இருக்கும் அந்தக் கணக்கு வகுப்புதான் முறையின் உயிர். மாணவர் பலகைக்கு வந்து, தெரிந்ததையும் தெரியாததையும் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறார். இந்தப் படி எதிலிருந்து வந்தது, இந்தத் தேற்றத்தைப் பயன்படுத்த என்ன நிபந்தனை வேண்டும், அது இங்கே நிறைவேறுகிறதா என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். விடை சரியாக வந்துவிட்டது என்பதால் கேள்விகள் நிற்பதில்லை.

தேர்வுத்தாளை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வினாத்தாளுக்குப் பழகியவருக்கு இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்ற பிரிவுகளும், அ அல்லது ஆ என்ற தேர்வும், பழைய வினாத்தாள்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் வரையறைகளும் நன்றாகத் தெரியும். பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகும் எங்காவது தலைகாட்டியாக வேண்டும் என்பது இந்த அமைப்பின் அடிப்படை. பிரெஞ்சு வினாத்தாளில் பெரும்பாலும் சில பக்கங்களுக்கு நீளும் ஒரே சிக்கல் இருக்கும். முதல் சில வினாக்கள் எளியவை. அவற்றின் விடைகள் அடுத்தவற்றுக்கு அடித்தளம். கடைசியில் மாணவர் முன்பு பார்த்தேயிராத ஒரு முடிவு வந்து நிற்கும். இடையில் ஒன்றை நிறுவ இயலவில்லையென்றால், அதை உண்மையென்று கொண்டு மேலே போகலாம். அப்படிச் செய்வதை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். முழுத்தாளையும் எல்லோரும் முடிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைத் திறமைக்கும் மனப்பாடத்துக்கும் இடையிலான வேறுபாடாகச் சுருக்குவது அவசரத் தீர்ப்பு. நம் தாள் பரப்பைச் சோதிக்கிறது, அவர்களுடையது ஒரு தடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று சோதிக்கிறது. இரண்டுக்கும் பயன் உண்டு. ஆனால் ஆய்வு என்பது இரண்டாவதைப் போன்றது. தெரியாத ஒன்றைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை மறக்காமல் முன்னே செல்வது. இந்தப் பழக்கம் எந்தப் பாடநூலிலும் தனி அத்தியாயமாக இல்லை. வகுப்பறையில் இருந்துதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழக்கங்கள் இப்படி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெயர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சார்ல் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, கணிதவியலாளர் எலி கார்த்தானிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர், ஆந்த்ரே வெய் போன்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்களை நேரில் அறிந்தவர். அவர் 1937இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் சென்னை லொயோலா கல்லூரிக்கு மாறினார். அன்றைய சென்னைக் கணிதம் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் வழியில் வந்தது. தந்திரம் மிகுந்த கணக்குகளைத் தீர்க்கும் ஆற்றலே அதில் பெரிதாக மதிக்கப்பட்டது. பிரான்சில் அப்போது வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. தனித்தனிக் கணக்குகளுக்கு அடியில் இருக்கும் பொதுக் கட்டமைப்பைத் தேடும் கணிதம் அது. பாடத்திட்டம் எதைச் சொன்னாலும் ரசீன் தம் மாணவர்களுக்கு அந்தக் காற்றை அறிமுகப்படுத்தினார்; புதிய நூல்களின் பக்கம் திருப்பினார்; பட்டம் பெற்றவர்களை மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். அப்படி 1953இல் போன இருவர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும். 1950களின் பிற்பகுதியில் இருவரும் பாரிசில் இருந்தார்கள். நரசிம்மன் கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்சின் வட்டத்தில், சேஷாத்ரி இன்னொரு கணிதவியலாளரான க்ளோத் ஷெவாலேயின் கருத்தரங்குகளில். சேஷாத்ரி இயற்கணித வடிவியலில் ஆழ ஊன்றியது அங்கேதான். திரும்பி வந்து மும்பையில் இருவரும் சேர்ந்து செய்த வேலை 1965இல் வெளியானது. நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்று இன்று உலகம் அதை அழைக்கிறது. அதன் வேர்களில் ஒன்று, வெய் 1938இல் பிரெஞ்சில் எழுதிய ஒரு கட்டுரை. இவர்கள் பரிமாற்ற மாணவர்கள் அல்லர், ஆய்வாளர்கள் என்பது சரியே. ஆனால் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் ஒரு பயிற்றுமுறை லொயோலா இருக்கும் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. அதில் பழகியவர்கள் அதன் ஊற்றிடத்துக்குப் போனார்கள். போன இடத்தில் சில ஆண்டுகள் தங்கினார்கள். திரும்பி வந்து தமக்கென ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். இவற்றில் எதையும் அவர்கள் கருவிக்காகவோ சான்றிதழுக்காகவோ செய்ததாகத் தெரியவில்லை. சேஷாத்ரி பின்னாளில் நிறுவிய சென்னைக் கணிதவியல் நிறுவனத்துக்கும் பாரிஸ் எக்கோல் நோர்மாலுக்கும் இடையே மாணவர் பரிமாற்றம் நடந்துவருகிறது என்பதும் இந்த வரிசையின் தொடர்ச்சிதான். அங்கிருந்தும் ஆய்வு மாணவர்கள் இங்கே வந்து கற்பித்திருக்கிறார்கள். போக்கு மட்டுமே உள்ள பாதையாக அது இல்லை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு மொழியைப் பற்றியது, வலுவான மறுப்பும் அதுதான். இன்றைய அறிவியலின் மொழி ஆங்கிலம். பிரெஞ்சு ஆய்வாளர்களே தம் கட்டுரைகளை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியின் மொழி பிரெஞ்சு என்று வரையறுத்தது. 2013இல் வந்த சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களோடு செய்துகொள்ளும் உடன்பாடுகள் போன்றவற்றின் கீழ் பிற மொழியில் கற்பிக்க வழிவிட்டது. அந்தத் திருத்தம் பிரான்சில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிரெஞ்சு அக்காதெமி எதிர்த்தது. அறிவியலாளர் பலர் ஆதரித்தார்கள். முதுநிலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் இன்று கணிசமாக உள்ளன. அப்படியிருக்க, ஓராண்டுக்காகப் போகும் மாணவர் ஏன் ஒரு புதிய மொழியோடு மல்லாட வேண்டும்? அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பாடங்களைப் படித்துவிடலாமே?

கட்டுரையாக அச்சேறும் அறிவியலுக்கு ஆங்கிலம் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உருவாகிக்கொண்டிருக்கும் அறிவியலுக்கும், கற்றுக்கொண்டிருக்கும் அறிவியலுக்கும் அது பொருந்தவில்லை. பலகை முன் நிற்கும் மாணவர் தடுமாறி, திருத்தி, மீண்டும் தொடங்குவது பிரெஞ்சில் நடக்கிறது. செய்முறை வகுப்பில் இருவர் சேர்ந்து ஓர் ஒளியியல் மேசையைச் சரிசெய்யும்போது பேசிக்கொள்வதும், பகலுணவின்போது ஒருவருடைய யோசனையை இன்னொருவர் மறுப்பதும் அப்படியே. ஆங்கிலவழி வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருக்கும் அயல்நாட்டு மாணவர், தம்மைப் போன்ற மற்ற அயல்நாட்டு மாணவர்களோடுதான் ஓராண்டைக் கழிக்கிறார். அவர் பிரெஞ்சு ஆசிரியரைப் பார்க்கிறார்; பிரெஞ்சு மாணவர் எப்படித் தவறு செய்கிறார், அந்தத் தவறு எப்படிக் கையாளப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் ஒரு பயிற்றுமுறையை அறிந்ததாகச் சொல்ல முடியாது. 1891இல் வார்சாவிலிருந்து சோர்போனுக்கு வந்த மரியா ஸ்க்லோடோவ்ஸ்காவுக்கும் வகுப்புக்குப் போதுமான பிரெஞ்சு தொடக்கத்தில் இல்லை, கணித அடிப்படையும் சக மாணவர்களை விடக் குறைவு. 1893இல் இயற்பியலில் முதல் இடத்தையும் மறு ஆண்டு கணிதத்தில் இரண்டாம் இடத்தையும் அவர் பெற்றது அந்த வகுப்புகளுக்கு உள்ளேயே இருந்து இரண்டையும் ஈடுகட்டியதால்தான். பின்னாளில் மேரி கியூரியாக அவர் தம் ஆய்வகத்துக்கு வந்த ஓர் இந்தியரிடம் இதையே எதிர்பார்த்தார். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாண்டு விடுப்பில் பாரிசுக்கு வந்த இயற்பியலாளர் சத்தியேந்திரநாத் போஸ், கியூரியின் ஆய்வகத்தில் வேலைசெய்ய விரும்பினார். முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாருங்கள் என்று கியூரி ஆங்கிலத்தில் சொன்னாராம். பல ஆண்டுகளாகப் பிரெஞ்சு படித்திருந்த போஸுக்கு, எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. போஸே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இது. அவர் மோரிஸ் த பிராய்யின் எக்ஸ் கதிர் ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டார்.

போஸின் கூச்சம் நமக்கு மிகவும் அறிமுகமானது. சென்னையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கிறார்கள். மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதே பெரும்பாலோருக்குக் காரணம். வினைச்சொல்லின் திரிபுகளை எழுதத் தெரிந்திருக்கும். இந்தக் கணிதத் தொடர் ஏன் ஒருங்குகிறது என்று ஒரு நிமிடம் பேசத் தெரிந்திருக்காது. தாய்மொழிப் பாடத்தைக் கைவிட்டுப் பெற்ற ஒரு மொழி, கடைசியில் பேசுவதற்கும் உதவாமல் போவது இரட்டை இழப்பு. ஏற்கெனவே கற்பிக்கப்படும் பிரெஞ்சில் ஒரு பங்கையாவது பேச்சுக்கும் அறிவியல் உரையாடலுக்கும் திருப்பினால், மல்லாடுவதற்கான நேரம் பாதியாகக் குறையும்.

இன்னொரு மறுப்பு பிரெஞ்சு முறையையே குறிவைப்பது. கணிதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்ட அந்த முறை, கையால் தொட்டுச் செய்யும் அறிவியலைத் தாழ்த்தியது. நல்ல பள்ளியும் படித்த பெற்றோரும் வாய்த்தவர்களையே மேலே தூக்கிவிட்டது. சிறப்புப் பள்ளிகளுக்கும் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தை வெட்டியது. இந்தக் குற்றச்சாட்டுகளைப் பிரெஞ்சுக்காரர்களே நம்மைவிடக் கூர்மையாக வைத்திருக்கிறார்கள். 1930களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் பூர்பாக்கி குழு தொடங்கிவைத்த கட்டமைப்புக் கணிதத்தின் தாக்கத்தில், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளில் கணங்களும் அருவமான இயற்கணிதமும் புகுத்தப்பட்டன. குழந்தைகளும் ஆசிரியர்களும் திணறினார்கள். சில ஆண்டுகளில் அரசே பின்வாங்கியது. பிறகு எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் வந்தது. துகள்களின் தடத்தைப் பதிவுசெய்யும் கருவிக்காக 1992இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கும், அவரோடு பியேர் லேனா, இவ் கேரே ஆகிய இயற்பியலாளர்களும் 1996இல், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஷார்பாக் பிரான்சில் பிறந்தவர் அல்லர். போலந்திலிருந்து ஏழு வயதில் குடும்பத்தோடு வந்த யூதச் சிறுவர், பின்னர் நாஜிகளின் தாகாவ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். இந்திய மாணவர்களுக்குப் பிரெஞ்சு அரசு வழங்கும் உதவித்தொகை அவர் பெயரைத்தான் தாங்குகிறது. வெளியிலிருந்து வந்து, உள்ளே பயின்று, அந்த முறையின் குறையைச் சுட்டி, திருத்தவும் முனைந்தவர் அவர். பிரெஞ்சு முறை குறையற்றது என்பதால் மாணவரை அனுப்பச் சொல்லவில்லை. ஒரு நாடு தன் அறிவியல் கல்வியைத் தானே தேர்ந்துகொண்டது, தவறியது, விவாதித்தது, மாற்றியது என்பதை அருகிலிருந்து பார்க்கும் மாணவர், நம்முடைய பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் மாற்ற முடியாத இயற்கை விதிகளாக இனி எண்ணமாட்டார். நாளை அவர் ஆசிரியராக வந்தால் அந்த எண்ணத்தின் பயன் ஒருவரோடு நிற்காது.

பணத்தைப் பற்றிய மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. பிரெஞ்சுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு என்பது நெடுநாளைய பெருமை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வருவோருக்கு 2019 முதல் இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று அரசு உயர்த்தியது. உள்நாட்டினருக்கு அப்போது முறையே 170, 243 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்து அதைச் செயல்படுத்தாமல் தவிர்த்தன என்றாலும், அந்த முடிவு நெஞ்சை உறுத்துகிறது. இரு நிறுவனங்களின் உடன்பாட்டின் கீழ் போகும் பரிமாற்ற மாணவருக்கு இந்தச் சுமை இல்லை; தம் சொந்தக் கல்லூரிக்குக் கட்டுவதைக் கட்டினால் போதும். வாழ்க்கைச் செலவுதான் சுவராக நிற்கிறது. மாதம் 615 யூரோவுக்கு வழியிருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். பாரிசில் அந்தத் தொகை அறை வாடகைக்கே சரியாகிவிடும். மாணவர் உணவகத்தில் மலிவாகக் கிடைக்கும் முழுச் சாப்பாடும், ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலைசெய்யும் உரிமையும் ஓரளவு கைகொடுக்கலாம். அரசுக் கல்லூரியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு இவை போதா. எனவே பரிமாற்றம் வசதியுள்ளவர்களின் அலங்காரம் என்று சொல்கிறவர்கள் இன்றைய நிலையைச் சரியாகவே சொல்கிறார்கள். அதிலிருந்து பரிமாற்றமே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவதைத்தான் ஏற்க இயலவில்லை. மேரி கியூரி கணிதப் பட்டத்தை முடிக்க முடிந்தது 600 ரூபிள் உதவித்தொகையால். சம்பாதிக்கத் தொடங்கியதும் இன்னொரு மாணவருக்குப் பயன்படட்டும் என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். வசதியில்லாதவருக்கு வழிசெய்வது உதவித்தொகையின் வேலை. அதை மதிப்பெண் முதல்வர்களுக்கான பரிசாக மட்டும் வைத்திருப்பது நம் தேர்வு, மாற்றக்கூடிய தேர்வு.

திறமையானவர்கள் திரும்பமாட்டார்கள் என்ற அச்சமும் உண்டு. சிலர் திரும்பமாட்டார்கள்தான். ஆனால் பரிமாற்றத்தின் அமைப்பிலேயே திரும்புதல் அடங்கியிருக்கிறது: பட்டம் இங்கே, ஓராண்டு அங்கே. போஸ் டாக்காவுக்குத் திரும்பி, எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கான கருவிகளைத் தாமே வடிவமைத்து ஆய்வகம் அமைத்தார். சேஷாத்ரி திரும்பிவந்து எழுப்பிய நிறுவனத்தைச் சொல்லியாயிற்று.

எனக்குப் பெரிதாகப் படும் தடை மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கும் முறையில் இருக்கிறது. பிரெஞ்சு மதிப்பெண் இருபதுக்கு. பத்து வாங்கினால் தேர்ச்சி, பதினான்கு நன்று, பதினாறு மிக நன்று. அதற்கு மேல் போவது அரிது. பதினான்கை எழுபது விழுக்காடு என்று அப்படியே மாற்றிப் பதிந்தால், அங்கே நன்றாகப் படித்த மாணவரின் சராசரி இங்கே சரியும். தொண்ணூறுக்குப் பழகிய நம் மேற்படிப்புத் தேர்வுகளில் அது உடனே தெரியும். இது தெரிந்த மாணவர் என்ன செய்வார்? கடினமான பாடங்களைத் தவிர்த்து, ஆங்கிலத்தில் நடக்கும் இலகுவானவற்றை எடுத்து, ஒரே பருவத்தில் திரும்பிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. எண்ணை எண்ணாக மாற்றாமல், அந்த வகுப்பில் அவர் எந்த இடத்தில் நின்றார் என்பதைப் பார்த்து மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் அதற்கான வழிமுறைகளை வகுத்திருக்கின்றன. அதோடு, ஒரு பருவத்தை இரண்டாக்க வேண்டும். முதல் பருவம் காதும் நாவும் பழகுவதற்கே போய்விடும். பலகை முன் அஞ்சாமல் நிற்பது இரண்டாவதில்தான் நடக்கும்.

2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது என்று பிரெஞ்சு அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்தத் தொகையில் வணிக மேலாண்மைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள், முழுக் கட்டணம் கட்டிப் போகிறவர்களும் இருப்பார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளின் இயற்பியல், கணித, வேதியியல் துறைகளிலிருந்தும் சிலர் அதில் இருக்க வேண்டுமானால், பேச்சுப் பிரெஞ்சு அங்கே முதல் பருவத்திலேயே தொடங்கியாக வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. தருமபுரி மாணவிக்கு அந்தப் பயிற்சி கல்லூரிக்குள்ளேயே, கட்டணமில்லாமல், மூன்றாம் ஆண்டுக்கு முன்பே கிடைக்க வேண்டும்.